வால்ட்ஸுக்கு முந்தின பாட்டு

காபி நன்றாக இருக்கிறது, ஷெரிஃப். அரசாங்க அலுவலகத்துக் காபி பாத்திரம் கழுவின தண்ணீர் மாதிரி இருக்கும் என்று நினைத்துக்கொண்டுதான் வந்தேன். சர்க்கரை வேண்டாம், நான் இப்படியே குடிப்பேன்.

நான் வந்தது ஒரு புகார் கொடுக்க. அதை மறந்துவிடாதீர்கள். நெல்வா கிரைடரைக் காணவில்லை. ஐந்து வருஷமாக என் குழுவில் பாடுகிறவள். போன வாரம் அமரில்லோவில் தங்கியிருந்த மோட்டலில் குளியலறை ஜன்னலைத் திறந்து, செருப்புகூடப் போடாமல் இறங்கிப் போயிருக்கிறாள். கதவு பூட்டியிருந்தது. வெளியிலிருந்து நான்தான் பூட்டினேன், அது வழக்கம். தனியாகத் தங்குகிற பெண், வாசலில் குடித்துவிட்டு நிற்கிற ரசிகர்கள், பூட்டாமல் எப்படி இருப்பது? அவளுடைய அக்கா இந்த ஊரில்தான் இருக்கிறாள். வந்தால் இங்கேதான் வருவாள். தேடிக் கண்டுபிடித்துக் கொடுங்கள் என்று கேட்கத்தான் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டிக்கொண்டு வந்தேன்.

நீங்களோ ஆல்டன் வீக்ஸைப் பற்றிக் கேட்கிறீர்கள். போன வருஷம், நாங்கள் வாசிக்கிற சில்வர் ஸ்பர் ஹாலில் அடிபட்டுச் செத்துப்போன பையன். அது முடிந்த விஷயம் என்று நினைத்திருந்தேன். அடித்தவன் டாய்ல் கெச்சம் என்பது ஊருக்கே தெரியும். சிறைப்பண்ணையில் பருத்தி பறித்துக்கொண்டிருக்கிறான். இருந்தாலும் கேட்கிறீர்கள், சொல்கிறேன். என்னிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. ஆனால் ஆல்பத்திலிருந்து தொடங்கினால்தான் சரியாக இருக்கும். ஆல்பம் புரியாதவருக்கு அந்தச் சனிக்கிழமையும் புரியாது.

அந்த இசைத்தட்டு உங்கள் வீட்டிலும் இருக்கும். அட்டையில் நெல்வா கோழிவலைக்குப் பின்னால் நிற்கிற படம். அவளுக்குப் பக்கத்தில் மேஜை மாதிரி ஒன்றின் மேல் குனிந்திருக்கிறவன் நான். அந்த மேஜைதான் ஸ்டீல் கிட்டார். பின்னட்டையில் என் பெயரும் உண்டு, டெல்மர் ரஸ்க், குழுத் தலைவர் என்று. படிக்கக் கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டியிருக்கும்.

நாங்கள் வாசிப்பது ஹாங்கி டாங்க், அதாவது சாராயக்கடைப் பாட்டு. இதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை. வாரம் முழுக்க எண்ணெய்க் கிணற்றில் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வந்தவர்கள் நிறைந்த கூடம். பூட்ஸ் வழுக்கிக்கொண்டு போகவேண்டும் என்று தரையெல்லாம் சோளமாவு தூவியிருக்கும். அத்தனை கால்கள் அதைத் தேய்க்கிற சத்தத்துக்கும், பாட்டில்கள் மோதிக்கொள்கிற சத்தத்துக்கும் மேலே ஒரு பெண் தன் மனசு உடைந்த கதையைச் சொல்லியாகவேண்டும். அதனால்தான் டிரம் அப்படி உதைக்கிறது, அதனால்தான் ஸ்டீல் அப்படிக் கீறிக்கொண்டு போகிறது. மென்மையாக வாசித்தால் எவன் காதிலும் விழாது. பாட்டில் வருவதோ விட்டுப்போன புருஷன், ஏமாற்றிய பெண்டாட்டி, கடைசிக் கோப்பை, அவ்வளவுதான்.

நெல்வாவின் குரலில் எல்லாம் இருந்தது. கூடத்தின் கடைசி மூலைவரை போகும். சுருதி ஒரு மயிரிழை பிசகாது. ஒன்று மட்டும் இல்லை. உடையாது. இந்தப் பாட்டில் ஒரு இடம் வரும், குரல் அழுகைக்குப் போகப் பார்த்துவிட்டு, போகாமல் திரும்பி வரவேண்டும். அது சொல்லிக்கொடுத்து வருகிற வித்தை இல்லை. அவளுக்கு அப்பா அம்மா நல்லவர்கள், சாப்பாட்டுக்குக் குறைவில்லை, யாரும் அவளைக் கைவிட்டதில்லை. சந்தோஷமான பெண். அதுதான் அவளிடம் இருந்த குறை.

இசைத்தட்டுக் கம்பெனியிலிருந்து லைல் பார்னெட் என்று ஒருவர் அவளைப் பிடித்துக்கொண்டார். நாஷ்வில்லுக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஒரு அறை நிறைய வயலின்காரர்களையும், பின்னால் நின்று 'ஊ' என்று இழுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவர்களையும் வைத்து, அவள் குரலுக்கு எண்ணெய் தடவித் தலை வாரிவிட்டார்கள். என்னை ஒரு ஓரத்தில் உட்காரவைத்து, "கொஞ்சம் அடக்கி வாசிங்க" என்றார்கள். தட்டு வந்தது. ஒருவரும் வாங்கவில்லை. சொன்னால் நம்பமாட்டீர்கள், எனக்கு அதில் கொஞ்சம் சந்தோஷம்தான்.

அப்புறம்தான் லைல் ஒரு நாள் ஹாலுக்கு வந்து, சோளமாவைக் காலால் கிளறிப் பார்த்துக்கொண்டே சொன்னார்:

"இங்கயே பதிவு பண்ணிடுவோம் டெல்மர். ஜனம், சத்தம், எல்லாத்தையும் சேத்து. ஆனா ஒண்ணு சொல்லிடறேன், இதுவும் போகலைன்னா கம்பெனி என்னைய ஷூ விக்க அனுப்பிடும். உங்களை எங்க அனுப்பும்னு எனக்குத் தெரியல."

எனக்குத் தெரியும். எங்கேயும் அனுப்பாது. அந்த வலைக்குள்ளேயே விட்டுவிடும். முப்பது வருஷமாக நான் கோழிவலைக்குப் பின்னால் உட்கார்ந்து வாசிக்கிறேன் ஷெரிஃப். மேடையைச் சுற்றி அதைக் கட்டுவது பாட்டில் பறந்து வந்தால் எங்கள் மேல் படாமல் இருக்க. ஒரு பக்கம் சின்னக் கதவு, என் நாற்காலிக்குப் பின்னால். எல்லாரும் உள்ளே வந்தபின் கொக்கி போட்டுக்கொள்வோம். சில ராத்திரி அந்தக் கொக்கி விழுகிற சத்தத்தைக் கேட்கும்போது, செத்தாலும் இதற்குள்ளேதான் சாவேன் போலிருக்கிறது என்று தோன்றும். எனக்கு ஐம்பத்திரண்டு வயது. எனக்கென்று இருந்த ஒரே கதவு நெல்வாவின் தொண்டை. இதைச் சொல்வதில் எனக்குக் கூச்சம் இல்லை.

அந்தச் சமயத்தில்தான் ஆல்டன் வீக்ஸ் வந்தான். தீவனக் கடையில் வேலை. எங்கள் தரைக்குச் சோளமாவு மூட்டை கொண்டுவந்து போடுகிறவன். மூட்டையை இறக்கிவிட்டுப் போகாமல் நின்று நெல்வா ஒத்திகை பார்ப்பதைக் கேட்பான். அப்புறம் சனிக்கிழமைகளில் வர ஆரம்பித்தான். ஆடமாட்டான், குடிக்கமாட்டான். ஒரு ஆரஞ்சு சோடாவை வைத்துக்கொண்டு தூணுக்குப் பக்கத்து மேஜையில் உட்கார்ந்திருப்பான். அவன் சேர்ந்த சபை உங்களுக்குத் தெரியும், கோவிலில் வாத்தியமே கூடாது என்கிறவர்கள். பியானோகூட இல்லாமல் வெறும் தொண்டையால் பாடுவார்கள். அங்கே பாட்டை எடுத்துக் கொடுக்கிறவன் அவன்தான்.

பதிவுக்கு ஒரு மாதம் முன்னால் நெல்வா என்னிடம் வந்து சொன்னாள்:

"இந்தத் தட்டோட சரி டெல்மர். நான் ஆல்டனைக் கட்டிக்கப்போறேன்."

"கட்டிக்கோ. கட்டிக்கிட்டவங்க பாடறதில்லையா?"

"பாடுவேன். அவங்க சபையில."

"அங்க ஒரு கிட்டார்கூட இருக்காதேம்மா."

"தொண்டை இருக்குமில்ல?" என்று சிரித்தாள். "நீங்களும் வாங்க. உங்க பெட்டிய வெளிய வச்சிட்டு வந்து சும்மா உக்காருங்க. ஒரு நாளாவது உங்க கைக்கு ஓய்வு."

கிண்டலாகத்தான் சொன்னாள், கெட்ட எண்ணம் கிடையாது. நான் கோபப்படவில்லை. நான் கோபப்படுகிறவனே இல்லை, என் குழுப் பையன்களைக் கேட்டுப் பாருங்கள்.

அவனிடமும் பேசிப் பார்த்தேன். அவன் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தபோது கூடவே நின்று சொன்னேன், இந்தக் குரல் ஒரு ஊருக்குச் சொந்தமானது இல்லை, இரண்டு வருஷம் பொறுத்துக்கொள் என்று.

"ஐயா, அவளை நான் நிறுத்தச் சொல்லல" என்றான். அவனுக்கு எல்லாரும் ஐயாதான். "இங்க பாடும்போதெல்லாம் அவளுக்குக் கை சில்லுன்னு ஆயிடுதாம். பாட்டில் எப்ப பறந்து வரும், எவன் எப்ப சண்டை போடுவான்னு பயந்துக்கிட்டே பாடறாளாம். உங்ககிட்டச் சொன்னதில்லையா?"

"இல்ல."

"நீங்க வருத்தப்படுவீங்கன்னு சொல்லியிருக்கமாட்டா. அவளுக்கு உங்க மேல மரியாதை ஜாஸ்தி."

நல்ல பையன். எனக்கு அவன் மேல் எந்த வெறுப்பும் இல்லை என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். அவன் சொன்னதில் ஒன்றை மட்டும் நான் வைத்துக்கொண்டேன். அவளுக்குப் பயப்படத் தெரியும் என்பது. அதுவரை எனக்கு அது தெரியாது.

இப்போது எங்கள் ஹாலின் வழக்கத்தைச் சொல்லவேண்டும். நீங்கள் இந்த மாவட்டத்துக்குப் புதிசு, பழைய ஷெரிஃபுக்குச் சொல்லவேண்டியிருக்காது. அங்கே சண்டை வந்தால் பாட்டை நிறுத்தக்கூடாது. பாட்டு நின்றால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். திரும்பிப் பார்த்தால் ஆளுக்கு ஒரு பக்கம் சேர்ந்துகொள்வார்கள். அப்புறம் கூடமே இருக்காது. ஒரு முறை அப்படி நின்றுபோய் ஒரு பெண்ணுக்குக் கண் போயிற்று. அதனால் எது நடந்தாலும் வாசித்துக்கொண்டே இருப்போம், ஆடுகிறவர்கள் சண்டையைச் சுற்றிக்கொண்டு ஆடிக்கொண்டே இருப்பார்கள். இரண்டு ஆண்கள் தங்கள் விவகாரத்தைத் தீர்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவது மரியாதை. போதும் என்று முடிவு செய்கிறவன் குழுத் தலைவன். நான் ஒரு வால்ட்ஸ் எடுத்தால், போதும் என்று அர்த்தம். மெதுவான பாட்டு, எல்லாரும் அவரவர் பெண்டாட்டியைப் பிடித்துக்கொண்டு ஒதுங்குவார்கள், வாசலில் காவலுக்கு நிற்கிற ஓடெல் உள்ளே போய் இரண்டு பேரையும் ஆளுக்கொரு கையால் தூக்கிக்கொண்டு வெளியே வருவான். வால்ட்ஸ் கேட்காமல் ஓடெல் அசையமாட்டான். அவனுக்கு அது சட்டம்.

இன்னொன்றும் உண்டு. ஒருவன் உங்கள் மேஜைக்கு வந்து தகராறு பேசினால், நீங்கள் தொப்பியைத் தலையில் வைத்தபடியே பேசினால் பேச்சோடு போய்விடும். தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தால், வா பார்த்துக்கொள்ளலாம் என்று அர்த்தம். குடிக்கிறவன் எல்லாருக்கும் இது தெரியும். ஆரஞ்சு சோடா குடிக்கிறவனுக்கு யார் சொல்லப்போகிறார்கள்?

டாய்ல் கெச்சமைப் பற்றி நீங்கள் கேட்டதற்கு இதோ பதில். எண்ணெய்க் கிணற்று ஆள், பெரிய கை, சின்ன மூளை. பெண்டாட்டி வாண்டா மேல் உயிர். பதிவுக்கு முந்தின நாள் அவன் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது நான் சொன்னது ஒரு வாக்கியம்தான். புதன்கிழமை சாயங்காலம் வாண்டா ஆல்டனின் வண்டியில் ஏறுவதைப் பார்த்தேன் என்றேன். அது உண்மை.

"எந்த ஆல்டன்? அந்தத் தீவனக்கடைச் சாமியாரா?"

"நான் ஒண்ணும் சொல்லலப்பா. வண்டியில ஏறினாங்க, பாத்தேன்."

"ஒவ்வொரு புதனுமா?"

"நான் பாத்தது ரெண்டு தடவை."

புதன்கிழமை சாயங்காலம் அந்தச் சபையில் ஜெபக்கூட்டம். வண்டியில் இன்னும் இரண்டு கிழவிகளும் இருந்தார்கள். அவன் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை கூடம் நிறைந்துவிட்டது. பதிவு என்று தெரிந்து பக்கத்து மாவட்டத்திலிருந்தெல்லாம் வந்திருந்தார்கள். லைல் தன் இயந்திரங்களைச் சமையலறையில் வைத்துக்கொண்டு, காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து அவருக்குக் கூடம் தெரியாது, கேட்கும் அவ்வளவுதான். மேடைக்குள்ளேயும், கூடத்தைப் பார்த்து நிற்கிறவள் நெல்வா ஒருத்திதான். பிடில்காரனும் பியானோக்காரனும் என் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், டிரம்மர் கண்ணை மூடிக்கொண்டு அடிக்கிறவன். ஸ்டீல்காரன் பக்கவாட்டில் உட்கார்கிறவன். எனக்கு இரண்டு பக்கமும் தெரியும்.

முதல் பாதி நன்றாகப் போயிற்று. நன்றாக என்றால், யாரும் குறை சொல்ல முடியாது, யாருக்கும் ஞாபகமும் இருக்காது. தட்டின் முதல் பக்கத்தை ஒரு தடவை போட்டுக் கேளுங்கள், நான் சொல்வது தெரியும். அவள் அடிக்கடி தூண் பக்கம் பார்த்துச் சிரித்துக்கொண்டே பாடினாள். புருஷன் விட்டுப்போன பாட்டை அப்படிப் பாடினால் எவன் நம்புவான்?

இரண்டாம் பக்கத்தின் முதல் பாட்டு வேகமான பாட்டு. அதை எடுத்தபோதுதான் டாய்ல் எழுந்தான். தூணுக்குப் போனான். ஏதோ சொன்னான். ஒரு பெண்ணைப் பற்றிப் பேச வந்திருக்கிறான் என்று தெரிந்ததும் ஆல்டன் எழுந்து நின்று, கோவிலுக்குள் நுழைகிறவன் மாதிரி மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினான். கழற்றி மேஜையில் வைத்தான். டாய்ல் முதல் அடி கொடுத்தான்.

கூடம் தன் வழக்கப்படி நடந்துகொண்டது. நடுவில் இடம் விட்டுச் சுற்றிச் சுற்றி ஆடியது. ஆல்டன் கையைத் தூக்கவே இல்லை. தூக்கியிருந்தால் டாய்லுக்கு அலுத்துப்போயிருக்கும். திருப்பி அடிக்காதவனை என்ன செய்வது என்று தெரியாமல் அவன் அடித்துக்கொண்டே இருந்தான். ஓடெல் வாசலிலிருந்து என்னைப் பார்த்தான். நான் கம்பிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் தனி வாசிப்பு வந்தது. நெல்வா மைக்கை விட்டு என்னிடம் வந்து குனிந்தாள்.

"டெல்மர், அவனை அடிக்கிறான். வால்ட்ஸ் எடுங்க."

"டேப் ஓடுதும்மா."

"ஓடட்டும். அவனுக்கு அடிக்கத் தெரியாது டெல்மர். எடுங்க. உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

"உன் வரி வருது. மைக்குக்குப் போ."

அவள் என் நாற்காலிக்குப் பின்னால் இருந்த கதவைப் பிடித்து இழுத்தாள். வலை ஆடிற்று, திறக்கவில்லை. இரண்டு கையாலும் இழுத்தாள். இதற்குள் அவள் பாடவேண்டிய இடம் வந்துவிட்டது. பாடாவிட்டால் பாட்டு நிற்கும், பாட்டு நின்றால் கூடம் முழுக்க அவன் மேல் விழும். அவளுக்கு அது என்னைவிட நன்றாகத் தெரியும். திரும்பி ஓடி வந்து மைக்கைப் பிடித்துக்கொண்டு பாடினாள்.

அந்த இடம்தான் ஷெரிஃப். எல்லாரும் ஊசியைத் தூக்கித் தூக்கி மறுபடி வைத்துக் கேட்கிற இடம். 'நீ எழுந்து வருவாய் என்று விளக்கை அணைக்காமல் இருக்கிறேன்' என்கிற வரி. அதில் குரல் உடைந்து, விழப்பார்த்து, நூலிழையில் திரும்பி வருகிறது. லாரி ஓட்டுகிறவர்கள் வண்டியை ஓரம் கட்டிவிட்டு அழுததாக எழுதுகிறார்கள். பதிவு முடிந்ததும் லைல் ஹெட்போனைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஓடி வந்தார். "எங்கருந்துய்யா வந்தது அந்தக் குரல்?" என்று என் தோளைப் பிடித்து உலுக்கினார். அதற்குப் பின்தான் கூடத்தைப் பார்த்தார்.

வால்ட்ஸ் எடுத்தேன். எடுக்கவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. அடுத்த பாட்டே வால்ட்ஸ்தான், தட்டிலும் இருக்கிறது, பாதியில் அவள் குரல் இல்லாமல் வெறும் வாத்தியமாகப் போகும். ஓடெல் உள்ளே போனான். டாய்ல் தரையில் ஆல்டன் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, "இவன் ஏன் திருப்பி அடிக்கல? யாராவது சொல்லுங்கப்பா, ஏன் அடிக்கல?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். ஆல்டனின் முகமெல்லாம் சோளமாவு ஒட்டியிருந்தது. அவன் கொண்டுவந்து போட்ட மாவுதான்.

அடுத்த ஆறு மாதத்தில் நாங்கள் போகாத ஊர் இல்லை. நெல்வாவுக்குப் போவதற்கு வேறு இடமும் இல்லை, அவளுக்கு இருந்த இடம் புதைக்கப்பட்டுவிட்டது. எங்கே போனாலும் ஜனம் அந்த ஒரு பாட்டைக் கேட்கும். அவள் மாட்டேன் என்பாள். ஒப்பந்தத்தைக் காட்டுவேன், பாடுவாள். ஆனால் அந்த இடத்தில் உடையாமல் மரக்கட்டை மாதிரி பாடிவிட்டுப் போய்விடுவாள். கேட்க வந்தவர்களுக்கு அது துரோகம் இல்லையா? அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். அந்த வரிக்குச் சற்று முன்னால், அவளுக்கு மட்டும் கேட்கிற மாதிரி, வால்ட்ஸின் ஆரம்பத்தை மெதுவாகத் தொடுவேன். தொட்டுவிட்டு நிறுத்திவிடுவேன். குரல் தானாக உடையும். ஒரு ராத்திரி தவறியதில்லை.

அவள் ஒரு நாள் என்னிடம் வந்து, "அதை வாசிச்சா முழுசா வாசிச்சிடுங்க டெல்மர். இல்லன்னா தொடாதீங்க. அந்த வலைக்குள்ளருந்து நான் இன்னும் வெளியவே வரல" என்றாள். அழவில்லை, மெதுவாகத்தான் சொன்னாள். எனக்குப் பாவமாக இருந்தது. ஆனால் முழுசாக வாசித்தால் உடையாதே.

அதற்கப்புறம்தான் ஓட ஆரம்பித்தாள். ஒரு தடவை பஸ் நிலையத்தில் பிடித்தோம், ஒரு தடவை ஒரு கோவில் வாசலில். கார்ச் சாவியை நான் வாங்கி வைத்துக்கொண்டேன், அப்புறம் செருப்புகளை, அப்புறம் கதவைப் பூட்ட வேண்டியதாயிற்று. எல்லாம் அவள் பத்திரமாக இருக்கவேண்டும் என்பதற்காக. நானும் பக்கத்து அறையில் உடை மாற்றாமல் அவள் நடமாடுகிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன். எனக்கும் அது சிறைதான், அதை யாரும் எழுதமாட்டார்கள்.

என்ன சொன்னீர்கள்? நேற்று இதே நாற்காலியில் உட்கார்ந்திருந்தாளா?

நல்லது. அப்படியானால் உயிரோடு இருக்கிறாள், காலில் அடி ஒன்றும் இல்லையே? புகாரைக் கிழித்துவிடுங்கள். வலைக் கதவின் கொக்கியைப் பற்றிச் சொன்னாளா? சொல்லியிருப்பாள். அந்தக் கொக்கி எப்போதும் ஒரு விரலால் தூக்கினால் கழன்றுவிடும், அன்றைக்கு மட்டும் ஏன் வரவில்லை என்று ஒரு வருஷமாக யோசித்திருப்பாள். என்னிடம் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. கேட்டிருக்கலாம்.

ஆமாம், நான்தான். முதல் பாட்டுக்கு முன்னால், ஒரு பழைய ஸ்டீல் கம்பியை எடுத்துக் கொக்கியைச் சுற்றி இடுக்கியால் முறுக்கிவிட்டேன். அவள் இறங்கிப் போனால் டாய்ல் நிறுத்திவிடுவான், பெண் குறுக்கே வந்தால் எவனும் நிறுத்திவிடுவான். கூட்டம் கலைந்ததும் பிரித்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வண்டியைப் பற்றிச் சொன்னது நான். தொப்பியைப் பற்றிச் சொல்லாமல் விட்டது நான். எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

அவன் சாகவேண்டும் என்று நினைத்தேனா என்று கேட்கிறீர்கள். இல்லை. நாலு அடி வாங்குவான், அவள் பார்ப்பாள், குரலில் அது ஏறும், அப்புறம் வால்ட்ஸ். அதுதான் என் கணக்கு. ஆனால் அந்த வரியை அவள் முதல் தடவை பாடி முடித்தபோது, நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து தெரிந்தது, அவன் இனி எழுந்திருக்கமாட்டான் என்று. டாய்ல் இன்னும் நிறுத்தவில்லை. அப்போது வால்ட்ஸ் எடுத்திருந்தாலும் ஒருவேளை பிழைத்திருப்பான். பையன்கள் முடிப்பதற்கு என் கையைப் பார்த்தார்கள். நான் விரலைச் சுழற்றிக் காட்டினேன், இன்னொரு சுற்று என்று. முதல் தடவை குரல் கொஞ்சம்தான் திறந்திருந்தது. தட்டில் இருப்பது இரண்டாவது தடவை.

என்னைக் கொலைகாரன் என்று எழுதப்போகிறீர்கள், உங்கள் வேலை அது. அதற்கு முன்னால் ஒன்றே ஒன்று செய்யுங்கள். வீட்டுக்குப் போய் அந்தப் பாட்டைப் போட்டு, அவள் குரலை விட்டுவிட்டு, அடியில் என் ஸ்டீலை மட்டும் கேளுங்கள். அவள் விழுகிற இடத்தில் கூடவே இறங்கி, ஒரு நடுக்கம் இல்லாமல், ஒரு சுரம் பிசகாமல் அவளைத் தாங்கிக்கொண்டு வருகிறது. தப்புச் செய்கிறவனுடைய கை அவ்வளவு சுத்தமாக வாசிக்குமா, நீங்களே சொல்லுங்கள்.